மோட்டார் பக்கத்து மூலை

பங்குனி பிறந்த முதல் ஞாயிறு.
வெயில் மலைப்பாறையைக் காய்ச்சி
எங்கள் தெருவுக்கு அனுப்புவதற்குள்
மூலையை மாற்றிவிடலாம் என்று இறங்கினோம்.

மூலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
போர் மோட்டாருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே
ஐந்தடிக்கு ஏழடி.
சத்துவாச்சாரியில் இவ்வளவு மண்
சிமெண்டுக்குத் தப்பியதே
வீடு கட்டும்போது பணம் தீர்ந்துபோனதால்தான்.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
இவர் வரைந்த படம் இருக்கிறது:
கனகாம்பரம் சுவரோரம்,
விரிசல் விட்ட சிங்க்கில் புதினா,
பெயிண்ட் டப்பாக் கற்றாழை கேட்டுக்கு வெளியே,
நடுவில் இலவம்பாடி முள் கத்திரி
வரிசைக்கு நாலு, நாலு வரிசை.
காட்பாடி பார்சல் ஆபீசில்
முப்பது வருஷம் மூட்டை அடுக்கியவர்.
டேப் வைத்து அளக்காமல்
ஒரு செடியும் அவருக்குச் செடியில்லை.

"அந்த ஓரத்துல ஒண்ணுமில்ல, வெட்டுங்க"
என்றது நான்தான்.

கடப்பாரை இறங்கியது.
வெள்ளரிக்காய் நறுக்குகிற சத்தம்.

"இன்னாது இது?"

கட்டைவிரல் பருமன் கிழங்கு,
வெட்டிய இடத்தில் பால்வெள்ளை.
அதன் தோளில் இரண்டு முளை,
வெளிச்சத்தையே பார்க்காத நிறத்தில்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மாடி அறை நாள் வாடகை.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
ஃபைலைப் பிளாஸ்டிக் கவரில் அணைத்தபடி
ரயில் நாற்றத்தோடு படியேறுவார்கள்.
போன வருஷம் மால்டாவிலிருந்து
ஜாஹிருல், அவர் மனைவி ரெஹானா.
நடுவில் ஒருமுறை அவர் மட்டும் ஊருக்குப் போய்
ஈர நியூஸ் பேப்பரில்
வளையல் மாதிரி சுருட்டிய கொடியோடு வந்தார்.
பொட்டொல், என்றார். பொட்டொல்.
கடைத்தெருவில் விற்பது வதங்கியது,
அவள் வாயில் வைக்க மாட்டாள்.
இதெல்லாம் அவர் தமிழில் சொல்லவில்லை,
எனக்கு இந்தியும் வராது.
மண்வெட்டியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

கொடி மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறியது.
ராத்திரியில் பூத்தது,
கிழிந்த துணி ஓரம் போல் நார்நாராய் வெள்ளை.
காய் மட்டும் இல்லை.
சாணம் போட்டேன், கடலைப் பிண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன்.
எங்கள் மண்ணைத்தான் நான் திட்டினேன்.
ஒரு சாயங்காலம் ஜாஹிருல்
இரண்டு விரலை நிமிர்த்தி
ஒன்றை மடக்கிக் காட்டினார்:
இது பெண் கொடி.
ஆண் கொடி வேறே.
அதை ஊரிலேயே விட்டுவிட்டார்.
மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
நாலு மாசத்தில் அந்தப் பெண் சிரித்து
நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

கார்த்திகையில் போனார்கள்.
சாவியைக் கொடுக்கும்போது
நானும் கேட்கவில்லை
அவரும் சொல்லவில்லை.
மார்கழியில் கொடி காய்ந்தது.
சணல் கயிறாய் உருவிக் குப்பையில் போட்டுவிட்டு
கையைக் கழுவிக்கொண்டேன்.

கிழங்கு மண்ணுக்குள் இருந்திருக்கிறது
என்னைக் கேட்காமல்.

இவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"இதுக்கு எந்த இடம் போட்டோம்?"
போடவில்லை.
வெட்டுப்பட்ட இரண்டு துண்டிலும்
ஆளுக்கொரு முளை மிச்சம்.
ஒன்றைப் பைப் சொட்டுகிற இடத்தில் வைத்தோம்.
இன்னொன்றுக்காகப் புதினா
சிங்க்கைக் காலி செய்தது.

போட்டோ எடுத்தேன். அந்த நம்பர்
இன்னும் போனில் இருக்கிறது, வயல் படத்தோடு.
எழுதத் தெரியவில்லை, படத்தை மட்டும் அனுப்பினேன்.
ஒரு டிக்.
சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், ஒரு டிக்.
கார்ப்பரேஷன் தண்ணீர் வந்து
குடங்கள் நிறைந்து
தெருவே ஓய்ந்த பிறகும் ஒன்றுதான்.
அங்கே சிக்னல் இருக்காது, என்றார் இவர்.
ஆமாம், என்றேன்.

கத்திரி நாற்று பதினாறும்
இடமில்லாமல் வாளியில் நிற்கின்றன.
நாளைக்கு ஆள் கூட்டிவந்து
துவைக்கிற கல்லை நகர்த்தலாமா என்று
டேப்பை நீட்டிக்கொண்டிருக்கிறார்.
ஒரு நுனியை நான் பிடித்திருக்கிறேன்.